டெட் ஆஃப் நைட்: விடை சொல்லும் மருத்துவரும் மரமேறும் வேதாளமும்

ஆந்தாலஜி என்று நாம் இன்று சொல்லும் தொகுப்புப் படங்கள் ஓடிடி தளங்களில் நிறையவே கிடைக்கின்றன. நான்கைந்து இயக்குநர்கள் ஆளுக்கொரு கதையை எடுத்துக் கொடுக்க, ஒரு பொதுத் தலைப்பு அவற்றையெல்லாம் ஒன்றாகக் கட்டிவைக்கிறது. ஒரு கதை பிடிக்கவில்லை என்றால் அடுத்ததற்குத் தாவிவிடலாம். தாவியதால் எதையும் இழந்துவிட மாட்டோம். இந்த வகைத் திகில் படங்களின் முன்னோடிகளுள் ஒன்று என்று பல ஆண்டுகளாகக் காதில் விழுந்துகொண்டிருந்த டெட் ஆஃப் நைட் படத்தை அண்மையில் ஓர் இரவு, வீட்டில் எல்லோரும் உறங்கிய பிறகு, முதன்முறையாகப் பார்த்தேன். பார்த்து முடித்ததிலிருந்து என் மனத்தை விட்டு அகலாமல் இருப்பது, அதிலுள்ள ஐந்து பேய்க்கதைகளைக் காட்டிலும், அந்தக் கதைகளுக்கு நடுவே மீண்டும் மீண்டும் நாம் திரும்பி வரும் ஒரு வரவேற்பறைதான். இந்தப் படத்தின் அச்சம் முழுவதும் அந்த அறையில், தேநீர்க் கோப்பைகளுக்கும் மரியாதையான உரையாடல்களுக்கும் இடையில்தான் குடியிருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஏன் அப்படி நம்புகிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கதையின் முடிவையும் சேர்த்தே பேசப்போகிறேன் என்பதால், படத்தைப் பார்க்க எண்ணியிருப்பவர்கள் முதலில் அதைப் பார்த்துவிட்டு இதைப் படிப்பது நல்லது.

லண்டனின் மேற்குப் பகுதியிலுள்ள ஈலிங் ஸ்டுடியோவில், மைக்கேல் பால்கனின் தயாரிப்பில் உருவாகி 1945-ல் வெளிவந்த கறுப்பு வெள்ளைப் படம் இது. அல்பெர்ட்டோ கவல்காந்தி, பேசில் டியர்டன், ராபர்ட் ஹேமர், சார்லஸ் கிரைட்டன் ஆகிய நால்வர் இயக்கியிருக்கிறார்கள். ஈலிங் என்றதும் பழைய படங்களில் ஈடுபாடு கொண்டவர்களுக்கு நினைவுக்கு வருவது அந்த நிறுவனம் பின்னாளில் எடுத்த நகைச்சுவைப் படங்களாகத்தான் இருக்கும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அதே நிறுவனம் சாதாரண மக்களின் வாழ்க்கையை ஆவணப்படத்தின் கண்ணோடு படமாக்கிக்கொண்டிருந்தது. ரியோ டி ஜெனிரோவில் பிறந்து, பிரான்சில் படமெடுத்து, பின் பிரிட்டிஷ் அஞ்சல் துறையின் ஆவணப்படப் பிரிவில் பணியாற்றிவிட்டு ஈலிங்குக்கு வந்தவர் கவல்காந்தி. இந்தப் பின்னணி படத்தின் ஒவ்வொரு காட்சியிலும் தெரிகிறது. சிலந்தி வலை படிந்த கோட்டையோ கல்லறைத் தோட்டமோ இதில் இல்லை. மருத்துவமனை, பேருந்து நிறுத்தம், கிறிஸ்துமஸ் விருந்து, புதுமணத் தம்பதியின் குடியிருப்பு, கோல்ஃப் மைதானம், இரவு விடுதி என்று அன்றைய பார்வையாளர் பகலில் புழங்கிய இடங்களிலேயே எல்லாம் நடக்கிறது.

கதைகளைக் கோத்து வைத்திருக்கும் சட்டகக் கதையை டியர்டன் இயக்கியிருக்கிறார். வால்டர் கிரெய்க் என்ற கட்டடக் கலைஞர், கென்ட் பகுதியிலுள்ள ஒரு பண்ணை வீட்டுக்கு, அதில் சில மாற்றங்கள் செய்வது பற்றி ஆலோசனை சொல்ல அழைக்கப்பட்டு வருகிறார். வீட்டுக்காரர் எலியட் ஃபோலி அவரை வரவேற்று, உள்ளே அமர்ந்திருக்கும் விருந்தினர்களுக்கு அறிமுகப்படுத்துகிறார். அவர்கள் எல்லோரையும் தன் கனவில் பலமுறை பார்த்திருப்பதாகக் கிரெய்க் சொல்கிறார். மெர்வின் ஜான்ஸ் இந்தப் பாத்திரத்தை நடித்திருக்கும் விதம் அபாரமானது. கண்களை உருட்டாமல், குரலை உயர்த்தாமல், முன்பின் தெரியாதவர்கள் வீட்டில் சங்கடமான ஒன்றைச் சொல்ல நேர்ந்துவிட்ட ஒரு கண்ணியமான மனிதரின் கூச்சத்தோடு அவர் அதைச் சொல்கிறார். கேட்பவர்களும் நாகரிகம் மாறாமல் கேட்டுக்கொள்கிறார்கள். இன்னும் ஒரு பெண் வருவாள், கறுங்கூந்தல் உடையவள், கையில் காசில்லாமல் வருவாள் என்று அவர் முன்கூட்டியே சொல்ல, சற்று நேரத்தில் அப்படியே ஒரு பெண் வந்து டாக்சிக்குப் பணம் கொடுக்கும்படி தன் கணவரிடம் கேட்கிறாள். அந்த நொடியில் அறையில் யாரும் அலறுவதில்லை. ஆளுக்கு ஆள் லேசாகப் பார்த்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். எனக்கு முதுகு சில்லிட்டது அந்த இடத்தில்தான்.

அறையில் ஒரே ஒருவர் மட்டும் எதையும் நம்ப மறுக்கிறார். அவர் வான் ஸ்ட்ராட்டன் என்ற மனநல மருத்துவர். கிரெய்க்கின் கனவை அவர் மறுத்துப் பேசப் பேச, மற்றவர்கள் ஒவ்வொருவராக, விளக்க முடியாதது என்று தாங்கள் நினைக்கும் ஓர் அனுபவத்தைச் சொல்லத் தொடங்குகிறார்கள். ஒவ்வொரு கதை முடிந்ததும் மருத்துவர் அதற்கு ஒரு விளக்கம் வைத்திருக்கிறார். விளக்கங்கள் எல்லாமே நியாயமானவை, மறுக்க முடியாதவை. ஆனாலும் அறையின் இறுக்கம் ஒவ்வொரு விளக்கத்துக்குப் பிறகும் ஒரு படி கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

விக்கிரமாதித்தன் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த அமைப்பு புதிதல்ல. வேதாளம் கதை சொல்லும், கேள்வி கேட்கும், விடை தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் அரசனின் தலை சுக்குநூறாகும், சொல்லிவிட்டாலோ மௌனம் கலைந்துவிட்டது என்று வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும். சரியான விடைதான் வேதாளத்தை விடுவிக்கிறது என்பது அந்தக் கதைகளின் ஆழமான விசித்திரம். டெட் ஆஃப் நைட் படத்தின் மருத்துவரும் இதே சிக்கலில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறார். அவர் அறிவுள்ளவர், அவர் சொல்லும் விடைகளும் பொருத்தமானவை. விடை சொல்லச் சொல்லப் பேய் மரமேறிவிடுகிறது. அடுத்த கதைக்காகக் காத்திருக்கிறது. விக்கிரமாதித்தன் கடைசியில் விடை தெரியாமல் மௌனமாக இருந்ததால் தப்பினான். வான் ஸ்ட்ராட்டன் கடைசிக் கதையைத் தானே சொல்கிறார்.

முதல் கதை ஒரு மோட்டார் பந்தய வீரரின் அனுபவம். ஈ. எஃப். பென்சன் 1906-ல் எழுதிய ஒரு சிறுகதையை அடிப்படையாகக் கொண்டது. விபத்தில் காயப்பட்டு மருத்துவமனையில் தேறிவரும் அவர், இரவு படுக்கையில் படித்துக்கொண்டிருக்கிறார். கடிகாரத்தில் மணி பத்தை நெருங்கிக்கொண்டிருக்கிறது. சட்டென்று சுற்றிலும் ஓசை அடங்குகிறது. மறுபடி பார்த்தால் கடிகாரம் நாலேகால் காட்டுகிறது. எழுந்து போய்த் திரைச்சீலையை விலக்குகிறார், வெளியே பட்டப்பகல். கீழே குதிரை பூட்டிய ஒரு சவ வண்டி நிற்கிறது. வண்டிக்காரர் நிமிர்ந்து பார்த்து, உள்ளே ஒருவருக்குத்தான் இடமிருக்கிறது, ஐயா என்று கூப்பிடுகிறார். மைல்ஸ் மாலிசன் என்ற நடிகரின் உருண்டை முகமும் கனிவான குரலும் அந்த அழைப்பை, நம் ஊர்ப் பேருந்து நடத்துநர் படியில் நின்று கூப்பிடுவது போல, அத்தனை இயல்பாக ஆக்கிவிடுகின்றன. உடல் தேறி வெளியே வந்து பேருந்துக்குக் காத்திருக்கும்போது, வந்து நிற்கும் பேருந்தின் நடத்துநருக்கு அதே முகம், அதே சொற்கள், மணியும் நாலேகால். அவர் ஏறவில்லை. பேருந்து சாலைத் தடுப்பை உடைத்துக்கொண்டு கீழே உருள்கிறது.

இவ்வளவுதான் கதை. சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. இதில் நான் கவனித்தது திரைச்சீலைக் காட்சியின் வெளிச்சத்தை. திகில் படங்களில் நாம் இருட்டைக் கண்டு அஞ்சப் பழகியிருக்கிறோம். இங்கே இரவின் நடுவில் வெயில் அடிக்கிறது. அந்த வெயில்தான் வயிற்றைக் கலக்குகிறது. பின்னாளில் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றும் பென்சனின் இதே கருவைக் கையாண்டிருக்கிறது. மூலத்தைப் படித்தவர்களுக்கும் இந்த ஜன்னல் காட்சி புதிதாகவே இருக்கும் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது கதை கிறிஸ்துமஸ் விருந்தில் நடக்கிறது. மாறுவேடமிட்ட சிறுவர் சிறுமியர் ஒரு பழைய மாளிகையில் ஒளிந்து விளையாடுகிறார்கள். சாலி என்ற பதின்பருவப் பெண் மாடியில் ஒரு மூலையறைக்குள் போய்விடுகிறாள். அங்கே ஒரு சிறுவன் அழுதுகொண்டிருக்கிறான். அவனைத் தேற்றி, படுக்கையில் கிடத்தி, பாட்டுப் பாடித் தூங்கவைத்துவிட்டுக் கீழே வருகிறாள். அவன் பெயர் ஃபிரான்சிஸ் கென்ட். தன் அக்கா கான்ஸ்டன்ஸ் தன்னை வெறுக்கிறாள் என்று சொல்லியிருக்கிறான். அப்படியொரு சிறுவன் விருந்துக்கு வரவே இல்லை. அந்த வீட்டில் 1860-ல் கொல்லப்பட்ட குழந்தை அவன்.

இந்தப் பெயர்கள் கற்பனைப் பெயர்கள் அல்ல என்பது படம் முடிந்த பிறகுதான் எனக்குப் பொறிதட்டியது. விக்டோரியா காலத்து இங்கிலாந்தையே உலுக்கிய ரோட் ஹில் மாளிகைக் கொலை வழக்கின் பெயர்கள் இவை. 1860-ல் நான்கு வயதுகூட நிறையாத ஃபிரான்சிஸ் சாவில் கென்ட் கொலையுண்டான். அவனுடைய தந்தையின் முதல் மனைவிக்குப் பிறந்தவளான கான்ஸ்டன்ஸ், அப்போது 16 வயது, 1865-ல் தானே முன்வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டாள். மரண தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டு, 20 ஆண்டுகள் சிறையிலிருந்து 1885-ல் விடுதலையானாள். பெயரை மாற்றிக்கொண்டு ஆஸ்திரேலியாவுக்குப் போய், செவிலியாகப் பணிபுரிந்து, 1944-ல் தன் நூறாவது வயதில் இறந்தாள். படம் வெளியானது 1945 செப்டம்பர். பேயாகத் திரையில் தோன்றும் குழந்தையின் அக்கா, இந்தப் படம் திரைக்கு வருவதற்கு முந்தைய ஆண்டுவரை உயிரோடு இருந்திருக்கிறாள். இதை அறிந்த பிறகு அந்த மாடியறைக் காட்சியை மறுபடி ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தேன். சாலி அந்தக் குழந்தையிடம் காட்டும் பரிவு, முதல்முறை பார்த்தபோது இதமாக இருந்தது, இப்போது தாங்க முடியாததாக இருந்தது. எண்பத்தைந்து ஆண்டுகளாக யாரும் வந்து தேற்றாத ஒரு குழந்தைக்குக் கிடைத்த ஆறுதல் அல்லவா அது.

மூன்றாவது கதையை ராபர்ட் ஹேமர் இயக்கியிருக்கிறார். இயக்குநராக அவர் பெயர் இடம்பெற்ற முதல் வேலை இது என்பதை நம்புவதே கடினம். ஐந்து கதைகளில் கலை நயம் மிகுந்தது இதுதான் என்பது என் கருத்து. ஜோன் என்ற பெண் தன் வருங்காலக் கணவன் பீட்டருக்குப் பழம்பொருள் கடையில் வாங்கிய நிலைக்கண்ணாடி ஒன்றைப் பரிசளிக்கிறாள். அதன் முன் நின்று டை கட்டும்போது, அவனுக்குப் பின்னால் அவனுடைய அறை தெரிவதில்லை. வேறொரு காலத்து அறை தெரிகிறது: செதுக்கு வேலைப்பாடுள்ள கனத்த மரச் சாமான்கள், நான்கு தூண்கள் வைத்த கட்டில், கணப்பில் எரியும் நெருப்பு. திரும்பிப் பார்த்தால் அவனுடைய நவீனமான, வெறுமையான, சுத்தமான அறை. கண்ணாடிக்குள் மட்டும் அந்த நெருப்பு எரிந்துகொண்டே இருக்கிறது.

ஒரு காட்சியில் ஜோன் அவன் பக்கத்தில் வந்து நின்று, கையைப் பற்றிக்கொண்டு, இப்போது பார் என்கிறாள். அவன் பார்க்கிறான். கண்ணாடியில் தான் மட்டும் இருப்பதாகவும் அவளைக் காணவில்லை என்றும் சொல்கிறான். கை கோத்து நிற்கும் இருவரில் ஒருவருக்கு மற்றவர் தெரியவில்லை. ரத்தம் இல்லை, உருவம் இல்லை, ஓசை இல்லை. ஒரு திருமணம் எப்படி உள்ளிருந்து சிதையும் என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் காட்டிவிட முடியாது. திருமணத்துக்குப் பிறகு ஜோன் பழம்பொருள் கடைக்குப் போய்க் கண்ணாடியின் வரலாற்றைக் கேட்டறிகிறாள். விபத்தில் முடங்கி அந்த அறைக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்த ஒருவன், மனைவி மீது சந்தேகம் முற்றி அவளைக் கழுத்தை நெரித்துக் கொன்றுவிட்டு, இந்தக் கண்ணாடியின் முன் அமர்ந்து தன் கழுத்தை அறுத்துக்கொண்டிருக்கிறான். அவள் வீடு திரும்பும்போது பீட்டரின் பேச்சு அந்த இறந்தவனின் பேச்சாக மாறியிருக்கிறது. அவள் கழுத்தில் துணியைச் சுற்றி அவன் இறுக்கும்போதுதான் முதன்முறையாக அவளுக்கும் கண்ணாடியில் அந்த அறை தெரிகிறது.

அந்த ஒரு நொடிக்காகவே இந்தக் கதையைப் போற்ற வேண்டும். அதுவரை அவன் மனம் பேதலித்திருக்கிறது என்று எண்ண வாய்ப்பிருந்தது. அவளும் பார்த்துவிட்டாள் என்றால் அந்த வாய்ப்பு அடைபட்டுவிடுகிறது. அவள் கண்ணாடியை உடைத்துத் தப்பிக்கிறாள்; அவனுக்கோ நடந்தது எதுவும் நினைவில்லை. ஜோனாக வரும் கூகி விதர்ஸின் நடிப்பைத் தனியே குறிப்பிட வேண்டும். பயந்து ஒடுங்கும் நாயகியாக அவர் எங்கும் நடிக்கவில்லை. நோயுற்ற கணவனைப் பார்த்துக்கொள்ளும் மனைவியின் பொறுமையும் எரிச்சலும் கலந்த முகம் அவருடையது.

நான்காவது கதை எனக்கு ஒட்டவில்லை. எச். ஜி. வெல்ஸின் ஒரு கதையிலிருந்து கருவை எடுத்துக்கொண்ட இந்தக் கோல்ஃப் நகைச்சுவையில், ஒரே பெண்ணைக் காதலிக்கும் இரு நண்பர்கள் அவளுக்காக ஆட்டம் ஆடுகிறார்கள்; ஏமாற்றித் தோற்கடிக்கப்பட்டவர் ஏரிக்குள் இறங்கி உயிரை விட்டு, பேயாக வந்து மற்றவரைத் தொல்லை செய்கிறார். பேசில் ராட்ஃபோர்டும் நான்டன் வெய்னும் அன்றைய ரசிகர்களுக்குப் பழக்கமான நகைச்சுவை இணை. இன்று அந்தச் சிரிப்பில் பெரும்பகுதி வற்றிவிட்டது. ஆயினும் வீட்டுக்காரர் ஃபோலி, சூழ்நிலையின் இறுக்கத்தைத் தளர்த்த வேண்டும் என்ற விருந்தோம்பலால் இந்தக் கதையைச் சொல்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். விருந்தினர்களும் மரியாதைக்குச் சிரிக்கிறார்கள். நாமும் மூச்சு விட்டுக்கொள்கிறோம். அதன் பிறகு வருவது ஐந்தாவது கதை.

கவல்காந்தி இயக்கிய அந்தக் கதையில் மைக்கேல் ரெட்கிரேவ், மேக்ஸ்வெல் பிரியர் என்ற வென்ட்ரிலோக்விஸ்டாக, அதாவது உதடு அசையாமல் பொம்மையைப் பேசவைக்கும் கலைஞராக வருகிறார். மடியில் உட்கார்ந்து பேசும் பொம்மையின் பெயர் ஹ்யூகோ. நம்மில் பலருக்கு இந்தக் கலை அறிமுகமானது பாலசந்தரின் அவர்கள் படத்தில் கமல்ஹாசன் கையிலிருந்த பொம்மையின் வழியாக. அங்கே பொம்மை, மனிதன் சொல்லத் துணியாத அன்பைச் சொல்லும் தோழன். ஹ்யூகோவும் மனிதன் சொல்லத் துணியாததைத்தான் சொல்கிறான். அது அன்பு இல்லை. பாரீஸ் இரவு விடுதி ஒன்றில் நிகழ்ச்சி நடக்கும்போது, பார்வையாளர்களிடையே அமர்ந்திருக்கும் சில்வெஸ்டர் கீ என்ற இன்னொரு வென்ட்ரிலோக்விஸ்டைப் பார்த்து, உங்களோடு வந்துவிடுகிறேன் என்கிற தோரணையில் ஹ்யூகோ குழைகிறான். கூட்டம் சிரிக்கிறது. ரெட்கிரேவின் நெற்றியில் வியர்வை அரும்புகிறது. தன் கையே ஆட்டுவிக்கும் ஒரு மரப்பொம்மையால் எல்லோர் முன்னிலையிலும் கைவிடப்படும் மனிதனின் அவமானத்தை அந்த முகத்தில் பார்த்தபோது, இது நிகழ்ச்சியின் ஒரு பகுதிதானே என்று கூட்டத்தோடு சேர்ந்து சிரிக்க என்னால் முடியவில்லை.

ஹ்யூகோ உயிருள்ளவனா, பிரியரின் மனம் இரண்டாகப் பிளந்திருக்கிறதா என்று படம் கடைசிவரை தீர்ப்பு சொல்வதில்லை. பிளவுபட்ட ஆளுமை என்பது மருத்துவரின் விடை. அந்த விடையைப் படம் எங்கேயும் மறுக்கவில்லை என்பதுதான் அதன் சாமர்த்தியம். கீயைச் சுட்டுவிட்டுச் சிறையில் கிடக்கும் பிரியரிடம், சிகிச்சை என்ற நல்லெண்ணத்தில் ஹ்யூகோவைக் கொண்டுவந்து கொடுப்பவர் வான் ஸ்ட்ராட்டன். கொடுத்ததன் விளைவு, பொம்மையின் முகம் காலடியில் நொறுங்குகிறது. பிறகு மனநல விடுதியில், உயிர் பிழைத்த கீ வந்து பார்க்கும்போது, படுக்கையில் கிடக்கும் பிரியரின் உதடுகள் அசைகின்றன. வெளிவருவது ஹ்யூகோவின் குரல். வா சில்வெஸ்டர், உனக்காகத்தான் காத்திருந்தேன் என்கிறது அது. ரெட்கிரேவ் அந்த இடத்தில் முகத் தசைகளை இறுக்கி, வாயை மட்டும் கீழே தள்ளித் திறந்து, மரத்தில் செய்த தாடைபோல் ஆக்கிவிடுகிறார். ஒப்பனையும் தந்திரக் காட்சியும் இல்லாமல், ஒரு நடிகரின் முகம் மட்டுமே செய்த காரியம் இது.

வான் ஸ்ட்ராட்டனாக நடித்த ஃபிரெடெரிக் வால்க் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஹாம்பர்க்கில் பிறந்த யூத வம்சாவளி நடிகரான அவர், நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி இங்கிலாந்துக்கு வந்தவர். ஆங்கிலேய விருந்தினர்களுக்கு நடுவே ஐரோப்பிய உச்சரிப்போடு, பகுத்தறிவின் பக்கம் நின்று, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பேசும் அந்த மருத்துவரை நான் முதலில் ஒரு வழக்கமான பாத்திரமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நடிகரின் வாழ்க்கையை எண்ணிப் பார்த்தால் அந்தப் பாத்திரத்தின் கனம் கூடிவிடுகிறது. எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு, காரணத்தைக் கண்டுபிடித்தால் மனிதன் அமைதியடைவான் என்ற நம்பிக்கை, அந்தக் கண்டத்தில் அதற்கு முந்தைய ஆறு ஆண்டுகளில் என்ன பாடுபட்டது என்பதை 1945-ன் பார்வையாளருக்கு யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது. படத்தில் போரைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆனால் மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் இளைஞன், தற்செயலாக உயிர் தப்பியவன், இறந்த குழந்தை, மனம் சிதைந்த கணவன் என்று அந்த வரவேற்பறையில் சொல்லப்படும் கதைகளிலெல்லாம் அன்று ஒவ்வொரு வீட்டிலும் இருந்திருக்கக்கூடிய ஒருவர் இருக்கிறார். அன்றைய ரசிகர்கள் இதை வெறும் பொழுதுபோக்காக மட்டும் பார்த்திருப்பார்கள் என்று என்னால் எண்ண முடியவில்லை.

இனி முடிவு. மருத்துவரின் மூக்குக் கண்ணாடி உடையும்போது கனவு பயங்கரமாக மாறும் என்று கிரெய்க் முன்பே சொல்லியிருக்கிறார். அது உடைகிறது. தங்கள் இருவரையும் தவிர மற்றவர்கள் விலகிப்போன அறையில், கிரெய்க் தன் கழுத்து டையைக் கழற்றி, தனக்கு உதவ முயன்ற அந்த மனிதரின் கழுத்தை நெரிக்கிறார். அதன் பிறகு அவர் ஒரு கதையிலிருந்து இன்னொரு கதைக்குள் ஓடுகிறார். ஒளிந்து விளையாடும் சிறுவர்கள், இரவு விடுதிக் கூட்டம், சிறைக் கம்பிகள் எல்லாம் கோணலான காமிராவில் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. இத்தனை நேரம் தனித்தனி அறைகளாக இருந்த கதைகளின் சுவர்கள் இடிந்துவிடுகின்றன. ஹ்யூகோ எழுந்து நடந்து வருகிறான். தொலைபேசி ஒலிக்கிறது, கிரெய்க் தன் வீட்டுப் படுக்கையில் கண் விழிக்கிறார். அழைத்தவர் ஃபோலி என்பவர். ஒரு பண்ணை வீட்டைப் பார்க்க வரச் சொல்கிறார்.

தொடக்கமும் முடிவும் இல்லாமல் சுழலும் இந்த அமைப்பு வானியல் வரலாற்றிலும் ஓர் இடம் பிடித்திருக்கிறது. ஃபிரெட் ஹாய்ல், ஹெர்மன் பாண்டி, தாமஸ் கோல்ட் ஆகிய மூன்று அறிவியலாளர்கள் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்த இரவில், பிரபஞ்சமும் இப்படித்தான் அமைந்திருந்தால் என்ன என்று கோல்ட் கேட்டதாக ஹாய்ல் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். பிரபஞ்சம் விரிந்துகொண்டே இருந்தாலும் எக்காலத்திலும் ஒரே மாதிரியாகத் தோன்றும் என்று சொல்லும் நிலைமாறாக் கோட்பாட்டை அவர்கள் 1948-ல் வெளியிட்டார்கள். 1965-ல், பிரபஞ்சம் ஒரு பெருவெடிப்பில் தோன்றியது என்பதற்குச் சான்றான அண்டப் பின்னணிக் கதிர்வீச்சு பற்றிய கண்டுபிடிப்பு வெளிவந்த பிறகு அந்தக் கோட்பாடு செல்வாக்கு இழந்தது. எனினும் ஒரு பேய்ப்படம் மூன்று அறிவாளிகளைப் பிரபஞ்சத்தின் வடிவத்தைப் பற்றிக் கேள்வி கேட்க வைத்தது என்பது அந்தச் சட்டகக் கதைக்குக் கிடைத்த பெரிய மரியாதை. அவர்களும் தனிக் கதைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கதைகளைக் கோத்த நூலைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

நூலைப் பிடிக்காமல் மணிகளை மட்டும் எண்ணியவர்களும் உண்டு. அமெரிக்காவில் இந்தப் படத்தை வெளியிட்டபோது நீளம் அதிகம் என்று கருதி, கிறிஸ்துமஸ் விருந்துக் கதையையும் கோல்ஃப் கதையையும் வெட்டிவிட்டார்கள். ஒரு தொகுப்பிலிருந்து இரண்டு கதைகள் போனால் என்ன என்று நினைத்திருக்க வேண்டும். முழுப் படத்தில், கிரெய்க் தன் கனவில் சாலியை மூர்க்கமாக அடிப்பதாக வரவேற்பறையில் சொல்லிக் குமைகிறார். பிறகு சாலியின் தாய் வந்து அவளை வீட்டுக்கு அழைத்துப் போய்விடுகிறாள். பார்த்தீர்களா, உங்கள் கனவு பலிக்க வழியே இல்லை என்று மருத்துவர் ஆறுதல் சொல்கிறார். நாமும் ஒரு கணம் அவரை நம்பிவிடுகிறோம். கடைசிக் கெடுகனவில் சாலியும் அந்த மாறுவேடச் சிறுவர்களும் திரும்பி வரும்போதுதான் அந்த நம்பிக்கை நொறுங்குகிறது. வெட்டுப்பட்ட பிரதியில் படம் பார்த்தவர்களுக்கு, முன்பின் அறிமுகமில்லாத ஒரு வீடும் யாரென்றே தெரியாத குழந்தைகளும் திடீரென்று முளைத்திருக்கும். கோல்ஃப் கதை தரும் ஆசுவாசம் போய்விட்டதால் பொம்மைக் கதையும் தன் முழு வேகத்தில் தாக்கியிருக்காது. எனக்கு ஒட்டாத அந்தக் கதையைக்கூட எடுத்துவிடக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

இந்தப் படத்தைப் பார்த்து மனம் பறிகொடுத்த மில்டன் சுபாட்ஸ்கி, 1965 முதல் தன் ஆமிகஸ் நிறுவனத்தின் வழியாகத் தொகுப்புத் திகில் படங்களை வரிசையாகத் தயாரித்தார். இன்று நம் ஓடிடி தளங்களில் வரும் தொகுப்புகள்வரை அந்த மரபு நீள்கிறது. அவற்றில் பலவற்றிலும் தனிக் கதைகள் நன்றாகவே இருக்கின்றன. சட்டகக் கதைக்குத்தான் யாரும் நேரம் செலவிடுவதில்லை. யாரோ ஒரு முதியவர் புத்தகத்தைத் திறந்து மூடுவதோடு அது முடிந்துவிடுகிறது. கதை சொல்பவருக்கும் கேட்பவருக்கும் இடையில் என்ன நடக்கிறது, கேட்டவர்கள் ஒவ்வொரு கதைக்குப் பிறகும் எப்படி மாறுகிறார்கள் என்பதை டியர்டன் எத்தனை அக்கறையோடு படமாக்கியிருக்கிறார் என்பதைத் தொகுப்புப் படம் எடுக்க நினைக்கும் இளைஞர்கள் ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டும். பார்ப்பவர்கள் 103 நிமிட முழுப் பிரதிதானா என்று நேரத்தைச் சரிபார்த்துவிட்டுத் தொடங்குங்கள். குறைவாக இருந்தால் வேறு பிரதியைத் தேடுங்கள்.